தீராத வலியும் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி நிவாரணப் பிரிவு ஒன்றில் மனநல ஆலோசகராக 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோபத்தோடுதான் வருகிறார்கள். இடுப்பு வலிக்கு வைத்தியம் கேட்டால் மனநல ஆலோசகரிடம் அனுப்புகிறார்களே என்ற கோபம். அது நியாயமான கோபம். அந்த அறையில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மனதுதான் காரணம் என்கிறார்கள். அப்படியென்றால் என் வலி பொய்யா?

பொய்யில்லை. ஒருவர் வலிக்கிறது என்றால் அவருக்கு வலிக்கிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, உடல் திசு சேதமடையும்போது உண்டாகும் அனுபவத்தை மட்டும் வலி என்று சொல்லாமல், அதை ஒத்த அனுபவத்தையும் வலி என்றே சேர்த்துக்கொண்டது. புலனும் உணர்ச்சியும் சேர்ந்ததுதான் வலி என்பதும் அந்த வரையறையிலேயே இருக்கிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்.

நம் மொழிக்கு இது புதிதில்லை. கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்கிறோம். வேதனை என்ற சொல் உடம்புக்கும் பொருந்துகிறது, மனதுக்கும் பொருந்துகிறது. பிரித்துப் பார்க்கும் பழக்கம் மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகுதான் வருகிறது.

‘மனம்தான் காரணம்’ என்று யாராவது சொன்னால் அது தவறு. ‘மனமும் காரணம்’ என்றால் சரி. ஓர் உம்மைதான் வித்தியாசம். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்டவர் அவமானப்பட்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டாவதைக் கேட்டவருக்குச் சிகிச்சைக்கு இன்னொரு வழி திறக்கிறது.

எத்தனை நாள் வலித்தால் நாள்பட்ட வலி?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாலோ. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் உண்டு. வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல், வலியே நோயாக இருக்கும் நிலையையும் அந்தப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘உனக்கு ஒரு நோயும் இல்லை’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இந்த அங்கீகாரம் சின்ன விஷயமில்லை.

காயம் பெரிதானால் வலி பெரிது, காயம் ஆறினால் வலி போகும். இதுதானே கணக்கு?

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரிவரும். எப்போதும் சரிவராது. இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர், போர்முனையில் படுகாயமடைந்த வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். 1946-இல் அவர் எழுதிய கட்டுரையின்படி நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். உயிர் தப்பிவிட்டோம், இனி வீடு திரும்பலாம் என்ற நிம்மதி அவர்களுக்கு இருந்தது. அதே அளவு காயத்தோடு ஊரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு அந்த நிம்மதி கிடையாது. வேலை போகுமே, வீட்டு வாடகை என்னாவது என்ற கவலைதான் இருக்கும்.

இதற்கு நேரெதிரான ஒரு சம்பவம் 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணியின் மேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஆணி சற்று அசைந்தாலே துடித்தார். வலுவான மருந்து கொடுத்துத்தான் அதை உருவ முடிந்தது. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி கால் விரல்களுக்கு நடுவே போயிருந்தது. பாதத்தில் ஒரு கீறலும் இல்லை. அவர் நடிக்கவில்லை. கண் பார்த்தது, மூளை ஆபத்து என்று முடிவு செய்தது, வலித்தது.

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். முதுகுத் தண்டில் வலிச் செய்திகளுக்கு ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறப்பதிலும் சாத்துவதிலும் மூளையிலிருந்து இறங்கும் செய்திகளுக்கும் பங்கு உண்டு என்றார்கள். நுட்பங்கள் பிற்பாடு திருத்தப்பட்டன. அடிப்படை இன்னும் நிற்கிறது. பயம், கவலை, எதிர்பார்ப்பு, கவனம் எல்லாம் இந்தக் கதவருகே வந்து நிற்பவைதான். மாதக்கணக்கில் வலி நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது என்பதும் 1980-களிலிருந்து தெரியவந்தது. திருடன் புகுந்த வீட்டு நாய் அதன்பின் சருகு விழுந்தாலும் குரைப்பதைப் போல, சாதாரணத் தொடுதல்கூட வலியாகிறது.

கையே இல்லாத இடத்தில் வலிப்பதும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கலிஃபோர்னியாவில், கை இழந்தவர்களின் மறு கையைக் கண்ணாடியில் பார்க்கச் செய்து சிலருக்கு அந்த வலியைத் தணித்தார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் தேய்மானம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதே?

‘தேய்மானம்’ என்ற சொல் செய்யும் கெடுதலை நான் தினமும் பார்க்கிறேன். செருப்பும் டயரும் தேய்ந்தால் தூக்கிப் போட்டுப் பழகியவர்கள் நாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘இனி நான் அவ்வளவுதான்’ என்று ஆகிவிடுகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டியது. வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. தலை நரைப்பதைப் போல முதுகும் உள்ளே நரைக்கிறது. அதனால் ஸ்கேன் வீண் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அது உயிர் காக்கும். ஆனால் ஃபிலிமில் தெரிவதெல்லாம் வலியின் காரணம் ஆகிவிடாது.

வலிக்கும் என்று பயந்து அசையாமல் இருப்பது நல்லதுதானே?

புதிய காயத்துக்கு ஓரளவு நல்லது. நாள்பட்ட வலிக்கு அதுவே பொறியாகிவிடும். இதற்கு மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் அதிகமான வாழ்க்கைகளைச் சுருக்கிவிடுவது இந்தப் பயம்தான்.

46 வயதுத் தையல்காரப் பெண் ஒருவர் வந்தார். மஞ்சள் பையில் மூன்று எம்.ஆர்.ஐ. ஃபிலிம்கள். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, மூச்சை அடக்கி, கண்ணாடிச் சாமானை இறக்கி வைப்பதைப் போலத் தன்னை இறக்கி உட்கார்ந்தார். குனிந்தால் நரம்பு அறுந்துவிடும் என்று எப்போதோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது யார் என்பதே அவருக்கு நினைவில் இல்லை. சொன்னது மட்டும் நிற்கிறது. அன்றிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, தரையில் உட்கார்வதில்லை, கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. வாசலில் கோலம் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். விலாயென், லின்டன் என்ற உளவியலாளர்கள் 2000-இல் எழுதியதும் ஏறக்குறைய அதுதான்: வலி பயத்தைத் தருகிறது, பயம் அசைவைத் தவிர்க்கச் சொல்கிறது, அசையாத தசை வலுவிழக்கிறது, வலுவிழந்த முதுகு சின்ன வேலைக்கும் வலிக்கிறது, பயம் இன்னும் கூடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், தவிர்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தன் பயம் தவறு என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பே வருவதில்லை.

டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் பரிசோதித்து, குனிவதில் ஆபத்தில்லை என்று உறுதி செய்த பிறகு, பயப்படும் வேலைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை எழுதச் சொன்னேன். மூன்று புள்ளிக் கோலம் பட்டியலில் கீழே இருந்தது. பிசியோதெரபி அறையின் சிமெண்டுத் தரையிலேயே சாக்பீஸால் போடச் சொன்னோம். குனிவதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘உள்ளே ஏதோ பட்டென்று அறும், மேடம்’ என்றார். குனிந்தார். கை நடுங்கியது, முதல் புள்ளி கோடாக இழுபட்டது. போட்டு முடித்து நிமிர்ந்தபோது வலித்ததா என்று கேட்டேன். வலித்தது என்றார். அறுந்ததா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். ‘அறவில்லை’ என்றார்.

மறுவாரம் ஐந்து புள்ளி, பிறகு ஏழு. அரைக் குடம், முக்கால் குடம். அந்த மார்கழியில் தன் வீட்டு வாசலில் போட்டதைச் செல்போனில் படமெடுத்து வந்து காட்டினார். பத்துக்கு ஏழு என்று சொன்ன வலி நான்கு, ஐந்தில் நின்றிருந்தது. போகவில்லை. ஆனால் கல்யாணங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

நாள் முழுக்க வலியைப் பற்றிய நினைப்பாகவே இருக்கிறது. இது என் பலவீனமா?

இல்லை. வலியின் வேலையே கவனத்தைப் பிடுங்குவதுதான். ஆனால் அந்த நினைப்பு மூன்று விதமாக வளர்ந்தால் வலியும் அதோடு வளர்கிறது. வலியையே சுற்றிச் சுற்றி யோசிப்பது ஒன்று. இது புற்றுநோயாக இருக்குமோ, படுக்கையில் விழுந்துவிடுவேனோ என்று பூதாகரமாக்குவது இன்னொன்று. என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று கைவிடுவது மூன்றாவது. 1995-இல் மைக்கேல் சல்லிவன் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் உருவாக்கிய 13 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இந்த மூன்றையும்தான் அளக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை இங்கே சொல்லத் தோன்றும். நோயாளியின் முகத்துக்கு நேரே நான் அதைச் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக விழித்திருந்து வலியைத் தாங்குகிறவருக்கு, அந்த இருட்டு உண்மையான இருட்டு. ‘சும்மா அதையே நினைக்காதே’ என்ற அறிவுரையும் பலிக்காது. நினைக்காதே என்றால்தான் நினைப்பு வரும். மனதில் ஓடும் வாக்கியத்தைத் தாளில் எழுதி, இதற்கு ஆதாரம் என்ன, இதற்குமுன் இப்படி வலித்தபோது என்ன ஆனது என்று அருகிலேயே எழுதிப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது.

மனச்சோர்வால் வலி வந்ததா, வலியால் மனச்சோர்வு வந்ததா?

இரண்டு திசையிலும் போகும். நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும், அதே அளவினருக்குப் பதற்றமும் இருப்பதாக 2025-இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. எது முதலில் வந்தது என்று தேடிக் களைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒருசேரச் சிகிச்சை எடுப்பதே நல்லது. வலி முழுக்கப் போன பிறகு மனதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் வருடங்களை இழக்கிறார்கள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மனநோய்க்கானது என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். நிறுத்திவிடட்டுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அமிட்ரிப்டிலின், டுலோக்சடின் போன்றவை மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். மூளையிலிருந்து முதுகுத் தண்டுக்கு இறங்கி வலியைத் தணிக்கும் பாதையிலும் அவை வேலை செய்கின்றன. வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் 10 அல்லது 25 மில்லிகிராம்தான், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு. முதல் நாட்களில் வாய் உலரும், தூக்கம் சொக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதை எழுதிக்கொடுக்கும்போதே டாக்டர் இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் எத்தனையோ பேர் பாதியில் விட்டிருக்க மாட்டார்கள்.

ஊசி போட்டால் உடனே குறைகிறது, மாத்திரைக்கு அப்படி இல்லை. ஏன்?

மருந்தின் பங்கு கொஞ்சம், நம்பிக்கையின் பங்கு கொஞ்சம். மருந்தில்லாத ஊசி, மருந்தில்லாத மாத்திரையைவிட அதிகமாக வலியைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நம்பிக்கை என்றால் வெறும் கற்பனையும் இல்லை. 1978-இல் அமெரிக்காவில், பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு வெற்று மருந்தால் கிடைத்த நிம்மதி, அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோன் கொடுத்தபோது மறைந்தது. நம்பிக்கை வந்ததும் மூளையே தன் சொந்த வலிநிவாரணியைச் சுரந்திருக்கிறது என்பதற்கு அது முதல் தடயம். ஆனால் வாரம் ஒரு வலி ஊசி என்று பழகிவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை நாளடைவில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும்.

தூக்கத்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. வலியால் தூக்கம் கெடுவதைவிட, தூக்கம் கெட்டு மறுநாள் வலி கூடுவதுதான் வலுவான தொடர்பு என்று பல நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. மருத்துவரிடம் வலியை மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த மூன்று நாள் படுக்கை. என்ன செய்வது?

பொறுப்பானவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வலி நிறுத்தச் சொல்லும் வரை வேலை செய்யாமல், கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள். 30 நிமிடம் தைத்தால் வலிக்கிறது என்றால் 20 நிமிடத்தில் எழுந்திருங்கள், நன்றாக இருக்கும் நாளிலும்கூட. சில வாரங்களில் அந்த 20 மெல்ல நீளும்.

வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எவ்வளவு உண்மை என்பதை மருமகள்களிடம் கேட்க வேண்டும். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ‘வேலை செய்ய வலிக்கிறதா’ என்ற ஒற்றை வாக்கியம், வலியோடு அவமானத்தையும் சேர்த்துவிடுகிறது. நம்பாத வீட்டில் நோயாளி தன் வலியை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்க வேண்டிய வலி குறைய வழியில்லை.

மறுபுறம், அளவு மீறிய அன்பும் உண்டு. டம்ளரைக்கூட எடுக்க விடாமல் எல்லாவற்றையும் செய்து கொடுக்கிற கணவர்களையும் மகள்களையும் பார்க்கிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970-களிலேயே கவனித்தது இது: வலி வரும்போது மட்டும் கவனிப்பு கிடைத்தால், அறியாமலே வலியைச் சுற்றி வாழ்க்கை அமைந்துவிடும். முனகும்போது ஓடிவருவதைப் போலவே, அவர் வாசல்வரை நடந்த நாளிலும் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘இன்றைக்கு எவ்வளவு வலி’ என்று பத்துமுறை கேட்பதைவிட, பேரன் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தான் என்று பேசுவது நல்ல மருந்து.

பழைய துயரங்களும் வலியைக் கூட்டுமா?

கூட்டும். விபத்து, அடி, வன்முறை, போர் ஆகியவற்றைக் கடந்தவர்களிடம் அதிர்ச்சியின் நினைவும் உடல் வலியும் ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன. வடக்கு, கிழக்கு இலங்கையில் ஷெல் துண்டுகளை உடம்பிலேயே சுமந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு குத்தலும் ஒரு நாளையும் ஓர் இடத்தையும் திரும்பக் கொண்டுவரும். இத்தகையவர்களை முதுகு மட்டும் உள்ளவர்களாகப் பார்த்து மாத்திரை எழுதினால் போதாது. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்றும் இல்லை. சொல்லத் தோன்றும்போது கேட்க ஆள் இருந்தால் போதும்.

மனநலச் சிகிச்சையால் எவ்வளவு பலன்?

மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். மனநலச் சிகிச்சைகளைப் பற்றி 9,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டியது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் வலியிலும் முடக்கத்திலும் மனவேதனையிலும் சிறிய அளவு பலன் உண்டு என்றது. சிறியதுதான். ஆனால் பல வருட மாத்திரைகள் தராத சிறிது அது. 2022-இல், 151 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்று, வலியை உடல் சேதமாகப் பார்க்காமல் மூளையின் பொய் அபாயமணியாகப் பார்க்கப் பழக்கியது. அந்தப் பயிற்சி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் வலியற்ற அல்லது ஏறக்குறைய வலியற்ற நிலைக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான். நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் அவர்கள் மிதமான முதுகு வலி உள்ளவர்கள். முடக்குவாதத்துக்கோ புற்றுநோய் வலிக்கோ இதை அப்படியே பொருத்தக் கூடாது.

இந்த வலியோடு வாழ்வதைவிடச் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இப்படித் தோன்றுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேருக்கு நடக்கிறது, அது தணியவும் செய்கிறது. இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். ‘சும்மா சொல்கிறார்’ என்று விடாதீர்கள்.

எதை மனதின் மேல் போடக் கூடாது? யாரிடம் போவது?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு முதுகு வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வலி, விழுந்தபின் வரும் கடும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கும் இவை பொருந்தும். ‘அவருக்கு எல்லாம் மனசுதான்’ என்று ஒதுக்கியதால் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோய்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவும் இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் மயக்கவியல் துறையின் கீழ் வலிக்கான பிரிவு இயங்குகிறது, அங்கே விசாரியுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. போகும்போது ஃபிலிம் பையோடு ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள். எப்படி வலிக்கிறது (குத்துகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா, குடைகிறதா), எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எதைச் செய்யப் பயப்படுகிறீர்கள், வலியால் எந்த வேலையை நிறுத்திவிட்டீர்கள் என்ற நான்கையும் அதில் எழுதுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் தாளை நீட்டுங்கள். அந்தத் தையல்காரப் பெண் தன் தாளில் நான்காவது வரியாக எழுதியிருந்தது ‘கோலம்’ என்ற ஒரே சொல். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று எங்களுக்குச் சொன்னது அதுதான், மூன்று ஃபிலிம்களும் இல்லை.